அம்மாவுக்கு என்ன கருவி வாங்கலாம்? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விடயம் பற்றியவை. ஊரில் வயதான அம்மா அப்பா, பிள்ளைகள் கொழும்பிலோ கனடாவிலோ, இடையில் எதை வாங்கி வீட்டில் வைத்தால் கொஞ்சம் நிம்மதியாக இருக்கலாம் என்று கேட்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கிப் பதில் தருகிறேன்.

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது, கொக்குவில் வீட்டில் தனிய இருக்கிறா. நான் ரொறன்ரோவில். ஹோல், குசினி, படுக்கையறை, விறாந்தை என்று நாலு இடத்தில் கமரா பூட்ட ஆளும் ஒழுங்கு செய்துவிட்டேன். அம்மா "நான் என்ன கள்ளியோ, என்னைப் பார்த்துக்கொண்டிருக்க" என்று போனில் அழுகிறா. அவவுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?
(ஒரு மகள், ரொறன்ரோ)

பதில்: பிள்ளை, முதலில் படுக்கையறைக் கமராவை விட்டுவிடுங்கள். அதில் பேச்சே வேண்டாம். உடுப்பு மாற்றும் இடத்தில், படுத்துக் கிடக்கும் இடத்தில் யாராவது பார்த்துக்கொண்டிருப்பதை நீங்களோ நானோ ஒத்துக்கொள்ள மாட்டோம், 78 வயதானதால் மட்டும் அம்மா ஒத்துக்கொள்ள வேண்டும் என்று என்ன இருக்கிறது? அது போதாதென்று, இந்தக் கமராக்கள் இணையத்தில் தொங்குபவை. பெட்டியில் வந்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டாலோ, பூட்ட வந்த பையனே கணக்கைத் திறந்து தந்துவிட்டுப் போனாலோ, அந்தப் படம் வேறு யாருடைய போனுக்கும் போகலாம்.

அம்மாவுக்கு விளங்கப்படுத்த முதல், உங்களுக்கு என்ன பயம் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். விழுந்து கிடந்தால் யாருக்கும் தெரியாமல் போய்விடுமோ என்ற பயமா? காலையில் எழும்பாமல் விட்டாலா? யாராவது வீட்டுக்குள் வந்துவிடுவார்களோ என்றா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாவா என்றா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. கமரா இருந்தாலும் நீங்கள் அந்த நேரம் பார்த்துக்கொண்டிருந்தால்தான் விழுந்தது தெரியும், வேலையில் இருக்கும் ஒருவர் அப்படிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

எழும்பினாவா இல்லையா என்பதுதான் பெரிய கவலை என்றால் குசினிக் கதவுக்கு ஒரு கதவு சென்சர் போதும். இரண்டு சின்னத் துண்டுகள், ஒன்று கதவில், மற்றது நிலையில். ஒன்றில் காந்தம் இருக்கும். கதவு திறந்து இரண்டும் விலகினால் உங்கள் போனுக்கு ஒரு செய்தி வரும். படம் இல்லை, குரல் இல்லை, அம்மா தேத்தண்ணி போட எழும்பிவிட்டா என்ற தகவல் மட்டும். ஊரில் காலை 6 மணி என்றால் ரொறன்ரோவில் கோடையில் முதல்நாள் இரவு 8.30, குளிர்காலத்தில் 7.30. நீங்கள் வீட்டில் முழித்திருக்கும் நேரம்தான். வழமையான நேரம் தாண்டியும் செய்தி வராவிட்டால் போன் எடுங்கள், எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்கு எடுங்கள்.

இந்த நேர வித்தியாசத்தை எல்லோரும் குறையாகவே சொல்கிறார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. அம்மாவின் இரவு 10 மணியிலிருந்து விடியும் வரை உங்களுக்குப் பகலும் பின்னேரமும். ஊரில் எல்லோரும் நித்திரையாக இருக்கும் அந்த நேரத்தில் முழித்திருக்கும் சொந்தக்காரர் நீங்கள்தான், ஆகவே இரவு அழைப்புகள் உங்களுக்கு வரட்டும், பகல் பொறுப்பை ஊரில் ஒருவர் எடுக்கட்டும்.

அந்த ஊரில் உள்ள ஒருவர் யார் என்பதை முதலில் முடிவெடுங்கள், கருவி பிறகு. அவரிடம் வீட்டுத் திறப்பு ஒன்று இருக்க வேண்டும். படலைக்கு உள்ளால் அம்மா கொளுக்கி போட்டுவிட்டுப் படுப்பவ என்றால் அதற்கும் ஒரு வழி பார்த்து வைக்க வேண்டும். திறப்பு இல்லாத வீட்டில் எந்த சென்சர் அலறினாலும் ஒழுங்கையில் ஆட்கள் கூடி நிற்கத்தான் முடியும். அதோடு, கரண்ட் நின்றால் வைஃபையும் நிற்கும். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாங்கள் பார்த்தவர்கள். ரவுட்டருக்கென்றே, கரண்ட் நின்றாலும் பற்றரியில் ஓட வைக்கும் சின்ன யூ.பி.எஸ் கடைகளில் கிடைக்கிறது, அதையும் சேர்த்து வாங்குங்கள்.

விறாந்தையில் படலையைப் பார்த்தபடி ஒரு கமரா வைக்கலாம், அம்மா சம்மதித்தால். அதை முதலில் அம்மாவின் போனில் போட்டுக் கொடுங்கள். யார் படலையைத் தட்டுகிறார்கள் என்று கதிரையில் இருந்தபடியே தானே பார்க்கலாம் என்றால், அது அவவைப் பார்க்கும் கமராவாக இருக்காது, அவ பார்க்கும் கமராவாகிவிடும். நிற்பாட்டும் சுவிட்ச் எங்கே என்றும் காட்டிக் கொடுங்கள்.

கேள்வி: அண்ணா லண்டனிலிருந்து அப்பாவுக்குப் பிரஷர் பார்க்கும் மெஷின் அனுப்பினார். ஒருக்கா 168 காட்டுது, கொஞ்ச நேரத்தில் 141, கிளினிக்கில் பார்த்தால் 150. மெஷின் பழுதா?
(மானிப்பாய் வாசகர்)

பதில்: பெரும்பாலும் மெஷின் சரியாகத்தான் இருக்கும், பார்க்கும் விதத்தில்தான் பிழை. வழக்கமாக வீடுகளில் நடப்பது இதுதான். அப்பா கிணற்றடியில் இருந்து வருவார், கட்டில் விளிம்பில் கால் தொங்க இருப்பார், சட்டைக் கைக்கு மேலேயே பட்டியைச் சுற்றுவார்கள், அவர் காணி வழக்குப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பார், அதற்குள் ஒருவர் பட்டனை அமர்த்திவிடுவார். இதில் ஒவ்வொன்றுமே எண்ணைக் கூட்டும்.

சரியாகப் பார்க்க, அரை மணித்தியாலத்துக்கு முன்பிருந்தே தேத்தண்ணி, கோப்பி, சுருட்டு எதுவும் வேண்டாம். சலம் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள், சலப்பை நிறைந்திருந்தால் பிரஷர் கூடிக் காட்டும். முதுகு சாயும் கதிரையில், இரண்டு பாதமும் நிலத்தில் பட, கால்மேல் கால் போடாமல் 5 நிமிடம் சும்மா இருக்கட்டும். கையை மேசையில் நெஞ்சு உயரத்துக்கு வைத்து, வெறும் தோலில் பட்டியைச் சுற்றுங்கள். பார்க்கும்போது அவரும் கதைக்கக் கூடாது, நீங்களும் அவரைக் கதைக்க வைக்கக் கூடாது. ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை பாருங்கள், இரண்டையும் எழுதுங்கள். காலையில் குளுசை போட முதல், பிறகு பின்னேரம், இப்படிக் கிளினிக்குக்குப் போவதற்கு முந்திய ஒரு கிழமை எழுதிக் கொண்டுபோனால் வைத்தியருக்கு அது பெரிய உதவி. போனில் உள்ள செயலியில் பதிவதைவிடக் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் பேனையால் எழுதுவதே நல்லது என்பது என் கருத்து. சனம் நிறைந்த கிளினிக்கில் ஒருவர் உங்கள் போனை வாங்கித் தட்டிப் பார்க்க நேரம் இருக்காது.

வீட்டில் எடுக்கும் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் கூடுதல் என்று கணக்கெடுப்பார்கள், கிளினிக்கில் அந்த எல்லை 140/90. ஆகவே இரண்டு இடத்து எண்ணும் கொஞ்சம் வேறுபடுவது சரிதான். வாங்குபவர்கள் மணிக்கட்டில் கட்டுவதை விட்டு மேற்கையில் கட்டுவதை வாங்குங்கள், பட்டி கையின் பருமனுக்கு ஏற்றதா என்றும் பாருங்கள், தடித்த கைக்குச் சின்னப் பட்டி கட்டினால் எண் கூடிவிடும். மெஷினை ஒருக்கா கிளினிக்குக்கே கொண்டுபோய் அங்குள்ளதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இதயத்துடிப்பு ஒழுங்கில்லாமல் அடிப்பவர்களுக்கு இந்த மெஷின்கள் சில நேரம் தடுமாறும், அப்படி ஒரு அடையாளம் திரையில் திரும்பத் திரும்ப வந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று, அப்பா எழும்பும்போது தலை சுற்றுகிறது என்கிறாரா? இருந்து பார்த்த பிறகு, எழும்பி நின்று 3 நிமிடத்துக்குள் இன்னொருக்கா பாருங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அதுதான் காரணமாக இருக்கலாம், விழுத்திவிடும் காரணம் அது, கட்டாயம் வைத்தியருக்குத் தெரிய வேண்டும். ஆனால் எண்ணைப் பார்த்துவிட்டு நீங்களாகவே குளுசையைக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். 180/120 ஐத் தாண்டி, நெஞ்சு நோ, ஒரு பக்கக் கை கால் சோர்வு, நாக்குழறல், மூச்சுத் திணறல் ஏதும் சேர்ந்து வந்தால் அங்கே இரண்டாம் முறை பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை, உடனே ஆஸ்பத்திரி.

கேள்வி: அம்மா ஒரு நாளைக்கு ஒன்பது குளுசை போடுகிறா. சில நாள் இரண்டு தரம் போடுகிறா, சில நாள் மறந்துவிடுகிறா. போனில் நினைவூட்டும் செயலி போட்டோம், சத்தத்தை நிறுத்திவிட்டுத் திரும்பப் படுத்துவிடுகிறா. நான் வவுனியாவில் வேலை.
(மகன், சாவகச்சேரி)

பதில்: அலாரத்தை நிறுத்துவது வேறு, குளுசை வயிற்றுக்குள் போவது வேறு. செயலியால் முதலாவதைத்தான் அறிய முடியும். அதனால் அலாரத்தோடு பெட்டியும் வேண்டும், ஏழு நாளுக்கும் காலை, மதியம், இரவு என்று தட்டுப் பிரித்த பிளாஸ்டிக் பெட்டி. பாமசிகளில் கேட்டுப் பாருங்கள். நீங்கள் வீட்டுக்கு வரும் நாளில் ஒரு கிழமைக்கு நிரப்பி வையுங்கள். தட்டு வெறுமையா இல்லையா என்பதைக் கண்ணால் பார்க்கலாம், போட்டேனா போடவில்லையா என்று யோசித்துக் குழம்பித் திரும்பப் போடும் வேலை அதோடு போய்விடும். இரவில் பெட்டியை ஒரு படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள், அது உங்களுக்குப் போதும்.

ஆனால் பெட்டி நிரப்ப முதல் ஒரு வேலை இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் குளுசையைக் கடதாசி உறையில் போட்டுத் தருவார்கள், அடுத்த மாதம் அதே மருந்து வேறு நிறத்தில், வேறு அளவில் வரும். இடையில் ஒருக்கா தனியார் இடத்தில் காட்டியிருந்தால் அங்கே அதே மருந்தைக் கொம்பனிப் பெயரில் எழுதியிருப்பார்கள். லொசாட்டன் என்ற பிரஷர் குளுசை உறையில் ஒன்று, பாமசி அட்டையில் இன்னொரு பெயரில் இன்னொன்று, அம்மா இரண்டையும் போடுவா. "இரண்டு தரம் போடுகிறா" என்று நீங்கள் எழுதியதில் இதுவும் இருக்கலாம். வீட்டில் உள்ள எல்லா உறை, அட்டை, போத்தலையும் ஒரு பையில் போட்டு அப்படியே கிளினிக்குக்குக் கொண்டுபோய், எது எதற்கு, எதை விடலாம் என்று கேளுங்கள். ஒன்பது சில நேரம் ஏழாகக் குறையும்.

எல்லாவற்றையும் பெட்டிக்குள் கொட்டவும் கூடாது, சில குளுசைகள் ஈரம் பட்டால் பழுதாகும், அவை தகட்டிலேயே இருக்க வேண்டும், மருந்தாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தைரொயிட் குளுசை வெறும் வயிற்றில், சீனி வருத்தத்துக்கான மெற்ஃபோமின் சாப்பாட்டோடு. ஆகவே அலார நேரத்தை மணிக்கூட்டைப் பார்த்து வைக்காமல், அம்மா உண்மையில் எழும்பும் நேரம், சாப்பிடும் நேரம் பார்த்து வையுங்கள். அம்மா 8.30 க்கு இடியப்பம் சாப்பிடுபவ என்றால் 7 மணிக்கு அடிக்கும் மெற்ஃபோமின் அலாரத்தை நிறுத்தத்தான் செய்வா. அலாரச் சத்தத்துக்குப் பதிலாகப் பேரப்பிள்ளையின் குரலைப் பதிந்தும் வைக்கலாம். மறந்த குளுசைக்கு ஈடாக அடுத்த முறை இரண்டு போடுவது வேண்டவே வேண்டாம்.

கேள்வி: அம்மம்மாவுக்கு 83. மலசலகூடம் வீட்டுக்கு வெளியே, கிணற்றடிப் பக்கம். போன மாதம் இரவில் போகும்போது படியில் விழுந்துவிட்டா, நல்ல காலம் எலும்பு முறியவில்லை. விழுந்தால் தானாகவே அழைக்கும் ஸ்மார்ட் மணிக்கூடு வாங்கலாமா?
(பருத்தித்துறை வாசகி)

பதில்: அந்த மணிக்கூட்டுக்கு அடிக்கடி சார்ஜ் போட வேண்டும், பெரும்பாலும் பக்கத்தில் ஒரு ஸ்மார்ட் போனும் இருக்க வேண்டும், மெதுவாகச் சரிந்து விழுந்தால் சில நேரம் அது உணராது. எல்லாவற்றையும் விட, அம்மம்மா குளிக்கும்போது அதைக் கழற்றி வைப்பா, ஈர நிலத்தில்தான் விழுவதற்கு வாய்ப்புக் கூட. விருப்பமாகக் கட்டுவா என்றால் வாங்குங்கள், அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

அந்தக் காசில் கொஞ்சத்தை வெளிச்சத்துக்குச் செலவழியுங்கள். ஆள் அசைந்தால் தானாக எரியும், சார்ஜ் பண்ணக்கூடிய சின்ன லைற்றுகள் இருக்கின்றன. கரண்ட் இல்லாவிட்டாலும் எரியும், சுவிட்ச் தேடித் தடவத் தேவையில்லை. ஒன்றைக் கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்துக்குக் கீழே ஒட்டுங்கள், காலை நிலத்தில் வைத்ததும் எரியட்டும், உயரத்தில் ஒட்டினால் கண் கூசும். ஒன்று கதவடியில், ஒன்று அந்தப் படியில். படி விளிம்புக்கு வெள்ளைப் பெயின்ற் ஒரு கோடு அடியுங்கள், சுவரில் ஒரு கைபிடி பூட்டுங்கள். மேசன் ஒருவரின் அரை நாள் வேலை. இரவுக்கு மட்டும் அறையில் ஒரு கொமோட் கதிரை வைக்க அம்மம்மா சம்மதித்தால் அதைவிடப் பாதுகாப்பு இல்லை, சங்கடப்பட்டால் வற்புறுத்தாதீர்கள், வெளிச்சத்தோடு தொடங்குங்கள்.

கூப்பிடுவதற்கு வயர் இல்லாத வீட்டு மணி ஒன்று வாங்கி அதைத் திருப்பிப் பயன்படுத்துங்கள். பட்டன் அம்மம்மாவிடம், மணி அடுத்த அறையிலோ பக்கத்து வீட்டிலோ. இணையம் வேண்டாம், போன் வேண்டாம், பட்டனில் உள்ள சின்னப் பற்றரி நீண்ட காலம் வரும். பட்டனை நூலில் கோர்த்துக் கழுத்தில் போடலாம், அல்லது ஒன்றைக் கட்டிலிலும் இன்னொன்றை மலசலகூடத்தில் கதவுப் பக்கத்திலும் வைக்கலாம். மலசலகூடத்தில் வைப்பதை நிலத்தில் கிடந்தாலும் எட்டும் உயரத்தில் ஒட்டுங்கள், பலர் இதைக் கவனிப்பதில்லை, விழுந்தவர் எழும்பித்தான் பட்டனை அமர்த்த வேண்டும் என்றால் அந்தப் பட்டனால் பயன் இல்லை. பெட்டியில் எழுதிய தூரத்தை நம்பாமல், கதவுகளைப் பூட்டிவிட்டு அமர்த்திப் பாருங்கள், கல்வீட்டுச் சுவர்கள் அலையைக் குறைக்கும்.

1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், 2018 இலிருந்து வடக்கிலும் ஓடுகிறது. எண்ணைப் பெரிதாக எழுதிப் போனுக்கு மேலே ஒட்டுங்கள், அதற்குக் கீழே வீட்டுக்கு வரும் வழியையும், எந்தக் கோயிலடி, எந்தச் சந்தி, எத்தனையாவது ஒழுங்கை என்று எழுதுங்கள். பதற்றத்தில் இருப்பவர் வாசித்தாலே போதும். அம்மம்மா இரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து எடுப்பவ என்றால், தலை அடிபட்டு விழுந்தால் நல்லாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரியில் காட்டத்தான் வேண்டும்.

கேள்வி: சீனி பார்க்கும் மெஷினில் அப்பாவுக்குத் திடீரென்று 290 காட்டியது, திரும்பப் பார்த்தால் 160. அதோடு, கரண்ட் நின்றால் இன்சுலினை என்ன செய்வது?
(சுன்னாகம் வாசகி)

பதில்: மாம்பழம் சாப்பிட்ட கையா? கறுத்தக்கொழும்பான் காலத்தில் இது அடிக்கடி நடக்கும், விரலில் ஒட்டிய பழச்சாறே எண்ணைக் கூட்டிவிடும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துக் காய்ந்த பிறகு குத்துங்கள். இரத்தத் துளி வைக்கும் பரிசோதனைத் துண்டுகள் இருக்கும் குப்பியை உடனே மூடுங்கள், ஈரக் காற்றுப் பட்டால் பழுதாகும், காலாவதித் திகதியையும் பாருங்கள்.

கூடுவதைவிடக் குறைவதற்குத்தான் வீட்டில் எல்லோரும் பழகியிருக்க வேண்டும். 70 க்குக் கீழே போனால், அல்லது வியர்த்து நடுங்கிக் கதை குழம்பினால், மூன்று தேக்கரண்டி அளவு சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், 1990 ஐ அழையுங்கள்.

பாவிக்கத் தொடங்காத இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியசில் இருக்க வேண்டும், பிரிட்ஜின் நடுத் தட்டு நல்லது, உறையும் பெட்டிக்குப் பக்கத்தில் வேண்டாம். ஒருக்கா உறைந்துவிட்டால் உருகிய பிறகும் பாவிக்கக் கூடாது. பாவிப்பில் உள்ள குப்பி வெளியே ஏறத்தாழ நாலு கிழமை தாங்கும், எத்தனை நாள் என்பதை அதன் துண்டுச்சீட்டில் பார்த்து, திறந்த திகதியைக் குப்பியில் எழுதுங்கள். சில மணித்தியால மின்வெட்டு என்றால் பிரிட்ஜைத் திறக்காமல் விட்டாலே போதும். நீண்டுபோனால் குப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி, தண்ணீர் வைத்த மண்பானையில், காற்றோட்டமான நிழலில் வைக்கலாம்.

கேள்வி: எனக்கு 74 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியர். பிள்ளைகள் பெரிய போன் ஒன்று வாங்கித் தந்து, படபடவென்று காட்டிவிட்டுத் திரும்பப் போய்விட்டார்கள். எழுத்துத் தெரியவில்லை, தட்டச்சு வரவில்லை, கேட்கவும் வெட்கமாக இருக்கிறது.
(நல்லூர் வாசகர்)

பதில்: ஐயா, இதில் வெட்கப்பட உங்களுக்கு ஒன்றுமில்லை, சொல்லித் தந்த விதம்தான் சரியில்லை. அடுத்த முறை பேரப்பிள்ளை காட்ட வரும்போது போன் உங்கள் கையிலேயே இருக்கட்டும், விரலும் உங்களுடையதாக இருக்கட்டும், அவர் வாயால் மட்டும் சொல்லட்டும். ஒவ்வொரு படியையும் ஒரு கொப்பியில் உங்கள் கையெழுத்திலேயே எழுதுங்கள். ஒரு நாளைக்கு ஒரு விடயம் போதும்.

முதல் நாள், அமைப்புகளுக்குள் போய் எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள். அடுத்த நாள், பிள்ளைகளின் படங்களை முகப்புத் திரையிலேயே வைக்கச் சொல்லுங்கள், படத்தைத் தொட்டால் அழைப்புப் போகும். தட்டச்சு வராவிட்டால் விசைப்பலகையில் ஒலிவாங்கிப் படத்தை அமர்த்திக் கதையுங்கள், மொழியில் "தமிழ் (இலங்கை)" என்று தெரிவு செய்தால் உங்கள் கதையை எழுத்தாக்கித் தரும். சொல்லுக்குச் சொல் சரியாக வராது, வகுப்பில் சொல்வதெழுதுதல் சொன்ன வேகத்தில் சொல்லிப் பாருங்கள், நன்றாகவே வரும். நடக்க முடியாத காலத்தில் நல்லூர்த் திருவிழாவின் 25 நாளையும் வீட்டில் இருந்தே நேரலையில் பார்க்கலாம், அதற்காகவே படிக்கலாம்.

போனில் கேட்பது குறைவாக இருந்தால் போனைக் குற்றம் சொல்லாமல் காதைக் காட்டுங்கள். காதுக் கருவி ஏற்கெனவே இருந்தால், இரவில் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள், எங்கள் வியர்வைக்கு அது அவசியம். ஸ்டிக்கர் ஒட்டிய புதுப் பற்றரி என்றால் ஸ்டிக்கரை உரித்து ஓரிரு நிமிடம் காற்றுப் பட வைத்துப் போடுங்கள், அது காற்றைக்கொண்டு வேலை செய்யும் பற்றரி.

கடைசியாக, வங்கியில் இருந்து கதைக்கிறோம், பரிசு விழுந்திருக்கிறது என்று யார் எடுத்தாலும் போனுக்குக் குறுஞ்செய்தியில் வந்த இரகசிய இலக்கங்களை வாசித்துக் காட்டாதீர்கள். வங்கி அதைக் கேட்பதே இல்லை. வைத்துவிட்டு, வங்கிப் புத்தகத்தில் அச்சடித்த இலக்கத்துக்கு நீங்களே எடுத்துக் கேளுங்கள்.